ஊஞ்சல் கொக்கியில் ஒரு மார்பிள் குயின்: ஓட்டு வீட்டுக்குள் வெளிச்சம் இறக்கிய கதை

செங்கோட்டையில் எங்கள் வீடு தாத்தா காலத்து ஓட்டு வீடு. ஊர் திருவிதாங்கூரோடு இருந்தபோது கட்டியது. 1956 நவம்பரில் ஊர் இந்தப் பக்கம் சேர்ந்துவிட்டது. கூரை மட்டும் இன்னும் மலையாளச் சாயலிலேயே நிற்கிறது. வடக்கும் தெற்குமாகச் சரியும் மங்களூர் ஓடு, முந்திரித்தோட்டு எண்ணெய் பூசிப் பூசிக் கறுத்துப்போன, ஓட்டைத் தாங்கும் கைமரம். கிழக்கிலும் மேற்கிலும் பக்கத்து வீட்டுச் சுவர்கள் ஒட்டிக்கொண்டிருப்பதால் பக்க ஜன்னல் என்ற பேச்சே கிடையாது. நடுவில் உள்ள கூடத்துக்கு, எங்கள் பேச்சில் பட்டாசலுக்கு, வடக்கு வாசலும் அதை ஒட்டிய சின்ன ஜன்னலும்தான் கதி. அந்தப் பட்டாசலின் உத்திரத்தில் ஊஞ்சல் போய்ப் பல வருடமாகியும் கொக்கி மட்டும் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

போன புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலேறிப் புனலூர் போனபோது நர்சரி ஒன்றில் மார்பிள் குயின் மணி பிளாண்ட் தொட்டி ஒன்றைப் பார்த்தேன். பச்சையும் பால் வெள்ளையும் கலந்து தெளித்த இலை, தொட்டியின் விளிம்பிலிருந்து ஒரு முழம் தொங்கும் நாலைந்து கொடிகள். கொக்கி நினைவுக்கு வந்துவிட்டது. 180 ரூபாய் கொடுத்து வாங்கினேன். நர்சரிச் சேச்சி பையில் போட்டுக் கொடுக்கும்போது சொன்னதை அப்போது நான் காதில் சரியாக வாங்கவில்லை: "வெயிலத்து வைக்கண்டா அண்ணா, வெளிச்சத்து வைக்கணம்." இரண்டும் ஒன்றுதானே என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

கொக்கியில் சங்கிலி போட்டு, தலைக்கு மேல் இடிக்காத உயரத்தில், தரையிலிருந்து ஆறடியில் தொங்கவிட்டேன். பார்க்க ரொம்ப அழகாக இருந்தது. வந்தவர்களெல்லாம் கேட்டார்கள். பக்கத்து வீட்டு அத்தை மட்டும், "மணி பிளாண்ட காசு குடுத்தா வாங்குவாக? திருடி வச்சாத்தான் வளரும்" என்றார்.

மார்கழிக்குள் அத்தை சொன்னது பலித்துவிட்டதோ என்று தோன்றும்படி ஆகிவிட்டது. கொடி வளரத்தான் செய்தது. ஆனால் வாங்கியபோது கணுவுக்குக் கணு இரண்டு அங்குலம் இருந்த கொடி இப்போது ஐந்து அங்குலத்துக்கு ஒரு இலை என்று நூலாக நீண்டது. புது இலைகள் புளிய மரத்தடியில் முளைத்ததுபோலச் சின்னதாக, முக்கால்வாசி பச்சையாக வந்தன. இதைவிட எனக்குக் கஷ்டமாக இருந்தது தொட்டியின் தலை. மேல் பக்கத்து இலைகள் ஒவ்வொன்றாகப் பழுத்து விழுந்து, சில இலைகள் தவிர மண்ணும் மொட்டைத் தண்டுகளும்தான் மிச்சம். கீழே நின்று பார்த்தால் வால் மட்டும் தெரியும் என்பதால் ரொம்ப நாள் இதைக் கவனிக்கவே இல்லை.

வெள்ளைக்கும் பச்சைக்கும் உள்ள கணக்கை அப்புறம்தான் உட்கார்ந்து யோசித்தேன். இலையில் வெள்ளையாக இருக்கும் இடத்தில் பச்சையம் இல்லை. அந்த இடம் சமைக்காது, பக்கத்துப் பச்சை சமைத்ததைச் சாப்பிடும். ஆக, பாதி வெள்ளையான இலை உள்ள செடிக்கு, முழுப் பச்சைச் செடியைவிட அதிக வெளிச்சம் வேண்டும். வெளிச்சம் போதாதபோது வரும் புது இலைகளில் பச்சை ஏறிவிடுகிறது. நிழலில் கிடந்தாலும் சாகாது என்று மணி பிளாண்டுக்கு ஒரு பெயர் உண்டு. சாகாது என்பது சரி. ஆனால் நாம் காசு கொடுத்து வாங்கிய வெள்ளை தங்காது.

போனில் வெளிச்சம் அளக்கும் ஆப் ஒன்றை இறக்கினேன். திரைக்கு மேலே, காது வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பொட்டு அளவு உணரி இருக்கிறது. அதை வெளிச்சம் வரும் திசைக்குக் காட்டினால் லக்ஸ் என்ற வெளிச்ச அளவில் எண் வரும். என் போன் 1,400 என்று காட்டிய இடத்தில் மனைவியின் போன் 1,900 காட்டியது. அதனால் எண்ணை வேதவாக்காக எடுத்துக்கொள்ளக்கூடாது. ஒரே போனால் எல்லா இடத்தையும் அளந்து ஒன்றோடொன்று ஒப்பிட்டால் போதும். அப்படி ஒரு நடுப்பகலில் அளந்தேன். திண்ணையில் 5,000. ஜன்னலுக்கு ஓரடி உள்ளே 1,500. கொக்கியில் தொங்கும் தொட்டியின் தலையில் 70.

எழுபது! அதே இடத்தில் உட்கார்ந்து நான் தினமும் பேப்பர் படிக்கிறேன். கண் எந்த அளவுக்கு ஏமாற்றும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. வெட்டவெளி வெயில் லட்சம் லக்ஸ் தொடும், மேகமூட்டமான பகலே பத்தாயிரத்துக்கு மேல் வரும். நம் கண்ணோ வீட்டுக்குள் நுழைந்த இரண்டு நிமிடத்தில் பாவையை விரித்துக்கொண்டு "வெளிச்சமாத்தானே இருக்கு" என்றுவிடும். செடியால் அப்படி விரித்துக்கொள்ள முடியாது.

"வெளிச்சம் வேணும்னா திண்ணையில வைக்க வேண்டியதுதானே" என்றார் அம்மா. நியாயம்தான். ஆனால் ஆனி, ஆடியில் ஆரியங்காவு கணவாய் வழியாக இறங்கும் மேல்காற்று எங்கள் தெருவோடு ஓடும். தொங்கும் தொட்டியைக் காற்று ராட்டினமாகச் சுற்றும். அதோடு, எனக்கு அந்தக் கொக்கியில்தான் வேண்டும் என்ற பிடிவாதமும் இருந்தது. மறைப்பானேன்.

அம்மாதான் அப்புறம் வழியும் சொன்னார். "ஒங்க ஆச்சி காலத்துல அடுக்களையில ஒரு கண்ணாடி ஓடு கெடந்துச்சு. கொரங்கு ஒடச்சிட்டு. அதுக்கப்புறம் யாரும் போடல."

ஓடு மாற்றும் அண்ணாச்சி ஒருவரைப் பிடித்தேன். அவர் அண்ணாந்து பார்த்துவிட்டு ஒரு பழைய ஓட்டை உள்ளிருந்தே தள்ளி உருவி என் கையில் கொடுத்தார். "கடைக்கு இதக் கொண்டுட்டுப் போங்க தம்பி. கண்ணாடி ஓடுன்னு கேட்டு வாங்கிட்டு வந்துட்டு, சேரலன்னு சொல்லப்படாது." இந்த ஒரு அறிவுரைக்கே அவருக்குத் தனியாகக் கூலி கொடுத்திருக்கலாம். மங்களூர் ஓடு என்று பொதுவாகச் சொன்னாலும், ஒவ்வொரு சூளையின் வாய்க்காலும் வரப்பும் கொஞ்சம் வேறுபடும். பக்கத்து ஓட்டின் வரப்பு நம் ஓட்டின் பள்ளத்தில் உட்கார வேண்டும். நூலளவு பிசகினாலும் மழைத் தண்ணீர் வழி கண்டுபிடித்துவிடும்.

நான் என்ன செய்தேன்? மாதிரி ஓட்டைக் கொண்டுபோனேன். கடையில் கண்ணாடி ஓடு அன்றைக்கு இருப்பில் இல்லை. பிளாஸ்டிக் ஓடு ஒன்று இருந்தது. இறகு மாதிரி கனம், விலையும் பாதி. அதை வாங்கி வந்தேன். அண்ணாச்சி கையில் வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திண்ணையில் சாய்த்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வந்து, "மண் ஓடு ரெண்டு கிலோவுக்கு மேல இருக்கும். அந்தக் கனத்துலதான் கூரை நிக்கி. இது சாரக்காத்துக்குப் பறந்து தென்காசிக்குப் போயிரும்" என்றார். ஒரு வாரம் காத்திருந்து கண்ணாடி ஓடே வாங்கினேன்.

தை மாதம் முதல் வாரம் போட்டோம். அண்ணாச்சி கூரை மேலே ஏறவே இல்லை. ஏணியில் நின்று, மேல் வரிசை ஓட்டை ஒரு கையால் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, மாற்ற வேண்டிய ஓட்டை அது உட்கார்ந்திருக்கும் ரீப்பர் கட்டையிலிருந்து கொக்கி விடுவித்து, கோணலாகத் திருப்பி உள்ளே இழுத்தார். அந்தத் திறப்பு வழியாக நீல வானம் ஒரு முழம் தெரிந்தது. ஐம்பது வருடத் தூசியும் ஒரு பல்லியும் என் தலையில் விழுந்தன. கண்ணாடி ஓடு அதே வழியில் மேலே போய், திரும்பி, டக்கென்று உட்கார்ந்தது. தெற்குச் சரிவில், தொட்டிக்கு நேர் மேலே. தூக்குக் குண்டு கட்டி இடம் பார்த்தோம் என்று பெருமையாக எல்லோரிடமும் சொன்னேன். அந்தப் பெருமைதான் சித்திரையில் வினையாகப் போகிறது.

முதலில் ஏமாற்றம். பட்டாசல் பிரகாசமாகிவிட்டது, தரையில் ஒரு வெயில் துண்டு விழுந்தது, வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். தொட்டியின் தலையில் போனை வைத்தேன். 140. இத்தனை பாட்டுக்கு எழுபது நூற்று நாற்பதாகியிருக்கிறது, அவ்வளவுதான்.

காரணம் தூரம். ஓடு தரையிலிருந்து பதின்மூன்று அடி, தொட்டி ஆறடி, நடுவில் ஏழடி. சின்னத் திறப்பு வழியாக வரும் வெளிச்சம், தூரம் இரண்டு மடங்கானால் கிட்டத்தட்ட நாலில் ஒன்றாகிவிடும். மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒன்று. ஏணியில் ஏறி, ஓட்டுக்கு இரண்டரை அடி கீழே போனைப் பிடித்துப் பார்த்தேன். 520 காட்டியது. ஓடு அதே ஓடு, வானம் அதே வானம்.

அந்த நேரத்திலேயே தொட்டியை மேலே ஏற்றியிருக்க வேண்டும். தண்ணீர் ஊற்ற ஏணி வேண்டுமே என்ற சோம்பலில், கொஞ்ச நாள் பார்ப்போம் என்று விட்டுவிட்டேன்.

தையிலும் மாசியிலும் ஒன்றும் ஆகவில்லை. வெயில் துண்டு தொட்டிக்கு நாலடி வடக்கே தள்ளி விழுந்தது. தை மாதச் சூரியன் நண்பகலிலும் தெற்கே சாய்ந்துதானே நிற்கும். பங்குனியில் துண்டு மெல்லத் தெற்கு நோக்கி நகர்ந்து வந்ததை நான் கவனிக்கவில்லை. விஷு அன்று கணி பார்த்து, சாப்பிட்டு, திண்ணையில் சாய்ந்திருந்தேன். மனைவி உள்ளிருந்து, "என்னங்க, செடி மேலயே வெயில் அடிக்குது, நல்லதுதானே?" என்றாள். நானும் நல்லதுதான் என்றேன்!

மூன்றாம் நாள் பார்த்தால் தலைப்பக்கம் மிச்சமிருந்த இலைகளில், வெள்ளையாக இருந்த இடமெல்லாம் டீ டிக்காஷன் சிந்திய காகிதம்போல ஆகியிருந்தது. கிட்டத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே இலைக்குள் பச்சைத் தீற்றல்கள் அப்படியே உயிரோடு இருக்கின்றன. அவற்றுக்கு நடுவே வெள்ளைத் திட்டு மட்டும் கருகி, சுருங்கி, நகத்தால் தொட்டால் அப்பளமாக நொறுங்குகிறது. கருகலுக்கும் பச்சைக்கும் நடுவே மஞ்சள் விளிம்பு ஒரு நூல் அகலம். தையல்காரர் சாக்பீஸால் கோடு போட்டு வெட்டியதைப்போலச் சுத்தமான எல்லை. வால் இலைகள் ஒன்றுக்கும் சேதமில்லை; அவை வெயில் துண்டுக்கு வெளியே கிடந்தன.

விஷயம் இதுதான். செங்கோட்டை ஏறத்தாழ 9 பாகை வடக்கில் இருக்கிறது. சித்திரை பிறக்கும் நாளை ஒட்டி நண்பகலில் சூரியன் நம் ஊருக்கு நேர் உச்சியில் நிற்கும். நட்டு வைத்த கம்புக்கு நிழல் விழாது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் நிழலில்லா நாள் என்று பார்ப்பார்களே, அதுதான். நண்பகல் என்பதும் நம் ஊரில் பன்னிரண்டு மணி இல்லை, பன்னிரண்டு இருபது வாக்கில். தூக்குக் குண்டு கட்டித் தொட்டிக்கு நேர் மேலே ஓடு போட்டேன் அல்லவா? சூரியனும் தூக்குக் குண்டு கட்டிக்கொண்டு வந்து நின்றுவிட்டது. அந்த வெயில் துண்டு ஒரு இலையைக் கடக்க அரை மணி நேரம்கூட ஆகாது. ஆனால் மாதக்கணக்கில் இருட்டில் கிடந்த இலைக்கு உச்சி வெயில் அரை மணி நேரமே போதும். சேச்சி சொன்ன வெயிலுக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள வித்தியாசம் 180 ரூபாய்ச் செடியில் தெளிவாக எழுதியிருந்தது.

அன்றைக்கே தொட்டியைக் கழற்றித் திண்ணை ஓரத்தில் வைத்துவிட்டு, தரையில் சாக்பீஸ் எடுத்தேன். காலை பத்திலிருந்து இரண்டு வரை மணிக்கு ஒரு தடவை வெயில் துண்டின் ஓரத்தைச் சுற்றிக் கோடு. மேற்கே தொடங்கிக் கிழக்கே போகும் கட்டங்கள் ஒரு வரிசையாக வந்தன. ஒரு வாரம் கழித்து மறுபடி வரைந்தால் வரிசை முழுவதும் ஒரு சாண் தெற்கே நகர்ந்திருந்தது. அம்மா கோலத்தை மிதிப்பதைப்போலப் பார்த்துப் பார்த்து நடந்தார். இந்தக் கோடுகளைப் போட்ட பிறகுதான் எனக்கு ஒன்று புரிந்தது: வெயில் துண்டை ஏமாற்ற ஓட்டை நகர்த்திப் பயனில்லை. வருடம் பூராவும் அது ஊர்ந்துகொண்டே இருக்கும். வெயிலைத் துண்டாக விழவிடாமல் பரவலாக்க வேண்டும். தொட்டி கிட்டத்தில் இருக்க வேண்டும். திறப்பு பெரிதாக வேண்டும். மூன்றையும் ஒன்றாகச் செய்தால்தான் உண்டு.

வைகாசியில் அண்ணாச்சி மறுபடி வந்தார். "சாரல் விழுந்துட்டா பாசி புடிச்ச ஓட்டப் பாத்துட்டு எவனும் ஏற மாட்டான், இப்பவே முடிச்சிருவோம்" என்று இன்னும் மூன்று கண்ணாடி ஓடு போட்டார். முன்னதோடு சேர்த்து நாலு, இரண்டு வரிசையில் இரண்டிரண்டாக. இந்த முறை எதற்கு என்று கேட்டார். சொன்னேன். "செடிக்கா? நான் பூஜ ரூமுக்குன்னுல்லா நெனச்சேன்" என்று சிரித்தார். ஒரு ஓடு மட்டும் சரியாக உட்காரவில்லை. அந்த இடத்துப் பழைய ஓடுகள் வேறு சூளையில் வந்தவை, எப்போதோ பழுது பார்த்தபோது மாற்றியிருக்கிறார்கள். முதுகைத் திருப்பிப் பார்த்தால் முத்திரையே வேறு. அவர் பின்பக்கத் தாழ்வாரத்திலிருந்து பொருந்தும் ஓடு இரண்டைக் கழற்றிப் பக்கத்தில் போட்டு, இந்தப் பொருந்தாத ஓடுகளைத் தாழ்வாரத்துக்கு அனுப்பினார். சாரல் மேற்கிலிருந்து சாய்ந்து அடிக்கும்போது ஓட்டின் பக்கவாட்டு இணைப்பில்தான் தண்ணீர் ஏறும். இதைச் செய்யாமல் விட்டிருந்தால் பட்டாசலில் வாளி வைத்திருப்போம்.

பரவலாக்கச் சுண்ணாம்பு. கண்ணாடிக் கூடாரத்தில் செடி வளர்ப்பவர்கள் கோடையில் கண்ணாடிக்கு வெள்ளை அடிப்பார்கள், அதே வேலைதான். ஓட்டின் வெளிப்பக்கம் அடித்தால் முதல் மழைக்கே போய்விடும் என்பதால் உள்பக்கம் அடித்தேன். வெற்றிலைக் கடைச் சுண்ணாம்பைத் தண்ணீராகக் கரைத்து, ஒட்டிக்கொள்ளட்டும் என்று கொஞ்சம் சோற்றுக் கஞ்சியும் விட்டேன். கஞ்சி சேர்த்தது தப்பு, அதைப் பின்னால் சொல்கிறேன். ஒரு கோட் அடித்துக் காயவிட்டுப் பார்த்தேன். தரையில் சாக்பீஸ் கோட்டுக்குள் விழும் வெயில் துண்டு காணாமல் போயிருந்தது. அதற்குப் பதில் ஓடுகளே நாலு ட்யூப் லைட்போல வெள்ளையாக ஒளிர்ந்தன. கையை நீட்டினால் கீழே விழும் நிழலுக்கு ஓரம் இல்லை, மங்கலாகக் கரைந்திருந்தது. போன் இல்லாதவர்களுக்கு இதுவே நல்ல சோதனை. இலை இருக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, ஓரடி மேலே கையைப் பிடியுங்கள். விரல்கள் தனித்தனியாகக் கத்தரித்ததுபோல் விழுந்தால் அது வெயில், வெள்ளை இலை கருகும். கை என்று தெரிகிறது, ஓரம் மங்கல் என்றால் சரியான இடம். நிழலே இல்லையென்றால் அங்கே பிளாஸ்டிக் செடி வையுங்கள்.

தொட்டியை ஏற்றியதுதான் எனக்குப் பிடித்த வேலை. கொல்லையில் கிணற்றுக் கப்பி ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் தேய்த்து, கைமரத்தில் ஓடுகளுக்குக் கீழே கட்டினேன். நைலான் கயிறு ஒன்று கப்பி வழியாகப் போய்ச் சுவரில் அடித்த ஆணிக்கு வருகிறது. ஆணியில் மாட்டக் கயிற்றில் ஒரு சாணுக்கு ஒரு முடிச்சு. தண்ணீர் ஊற்ற வேண்டுமா, வாளி இறக்குவதைப்போல இறக்கு. முடிந்ததும் ஏற்று. தொட்டி இப்போது ஓட்டுக்கு இரண்டரை அடி கீழே, தரையிலிருந்து பத்தடிக்கு மேல் நிற்கிறது. கொடி மேலேயிருந்து தலை உயரத்துக்குத் தொங்குகிறது. தொங்கும் செடிக்கு இதுதான் அழகு என்பது பிறகுதான் தெரிந்தது. ஊஞ்சல் கொக்கி, பாவம், மறுபடியும் சும்மா இருக்கிறது.

வைகாசி நண்பகலில் தொட்டியின் தலையில் 3,600.

நான் ஆரம்பத்தில் செய்த பெரிய பிழை கொடியின் வாலைப் பார்த்து இடம் தேடியது. தொட்டியின் தலை நிறைய வேண்டுமென்றால் புதுத் தளிர் அங்கே இருக்கும் கணுக்களிலிருந்து கிளைக்க வேண்டும். தலை இருட்டில் இருந்தால் அங்கே இலை உதிரும், வால் மட்டும் நூலாக ஓடும். பெரும்பாலான வீடுகளில் தொட்டியை ஜன்னலின் மேல் சட்டத்துக்கும் உயரமாகத் தொங்கவிடுகிறார்கள். வால் ஜன்னல் வெளிச்சத்தில் குளிக்கும், தலை ஜன்னலுக்கு மேலுள்ள லிண்டலின் நிழலில் மொட்டையாகும். ஓட்டு வீடு இல்லாதவர்கள் கண்ணாடி ஓடு தேட வேண்டாம்; தொட்டியின் வாய் ஜன்னல் கண்ணாடியின் நடு உயரத்துக்கு வரும்படி சங்கிலியை நீட்டினாலே பாதி வேலை முடிந்தது.

தலை மொட்டையை நிரப்பக் கொடிகளை வெட்டினேன். கணுவைப் பார்த்து வெட்ட வேண்டும். இலையை மட்டும் பார்த்தால் போதாது, தண்டையும் பார்க்க வேண்டும்: வெள்ளைக்கோடு ஓடும் தண்டின் கணுவிலிருந்து வரும் தளிரில் வெள்ளை வர வாய்ப்பு அதிகம், முழுப் பச்சைத் தண்டின் கணு பெரும்பாலும் பச்சையாகவே போகும். மார்கழியில் பச்சையாக ஓடிய இரண்டு கொடிகளை, கடைசி வெள்ளைக்கோட்டுக் கணுவைத் தாண்டி நுனிப் பக்கம் வெட்டி எறிந்தேன். நல்ல துண்டுகளை ஊறுகாய் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி ஜன்னலில் வைத்தேன். கணுவில் இருந்த பழுப்புப் புடைப்பிலிருந்து பன்னிரண்டாம் நாள் வெள்ளை வேர் எட்டிப்பார்த்தது. அவற்றை அதே தொட்டியின் நடுவில் நட்டேன். கையைக் கழுவிவிடுங்கள், செடியின் சாறு பட்டால் சிலருக்கு அரிக்கும். ஆடு, பூனை கடிக்கவும் விடக்கூடாது.

ஆனியில் சாரல் பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் அளந்தால் 300. சுண்ணாம்பு பாதி வெளிச்சத்தைத் தின்கிறது; கோடையில் அது வேண்டும், சாரலில் வேண்டாம். அதற்குள் நம் கஞ்சியும் வேலையைக் காட்டியிருந்தது. ஓட்டின் உள்பக்கம் ஈரத்தில் பூசணம் பூத்துக் கறுப்புப் புள்ளிகளாகிவிட்டது. ஏணி போட்டு, ஈரத்துணியால் நாலு ஓட்டையும் துடைத்தெடுத்தேன். துடைத்ததும் 600, மேகம் கொஞ்சம் வெளுத்தபோது 900. கனத்த மழையில் 400ஐத் தாண்டவில்லை.

அதனால் ஒரு 20 வாட் எல்.இ.டி. ட்யூப்பை தொட்டிக்கு ஒன்றரை அடி மேலே கயிற்றில் படுக்கையாகத் தொங்கவிட்டேன். செடிக்கென்று விற்கும் ஊதா நிற விளக்கெல்லாம் இல்லை. கடையில் கிடைக்கும் சாதாரண வெள்ளைதான். தலையில் 1,600 கூடுதலாகக் கிடைத்தது. காலை ஏழிலிருந்து மாலை ஏழு வரை எரிய டைமர். மாதத்துக்கு ஏழு யூனிட் சொச்சம் வரும். "செடிக்கு ட்யூப் லைட்டு, எனக்கு அடுக்களையில ஒம்பது வாட்ஸ் பல்பு" என்று அம்மா சொன்ன பிறகு அடுக்களைக்கும் ஒரு ட்யூப் போட்டேன். அதையும் இந்தச் செலவில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சாரல் மாதங்களில் தண்ணீரைக் குறைத்தேன். வெளிச்சம் குறைந்தால் செடி குடிப்பதும் குறையும். விரலை இரண்டாம் கணு வரை மண்ணில் விட்டு, உலர்ந்திருந்தால்தான் கயிறு இறங்கும்.

ஆடிக் கடைசியில் கணக்கு எடுத்தேன். பழைய இலைகளில் எந்த மாற்றமும் இல்லை. விரிந்து முடிந்த இலையின் வெள்ளை கூடவும் செய்யாது, கருகல் ஆறவும் செய்யாது. புது இலைகளைத்தான் பார்க்க வேண்டும். வைகாசிக்குப் பிறகு தலையில் பதினொரு இலைகள். கணு இடைவெளி இரண்டரை அங்குலம். முதல் இரண்டில் வெள்ளை வெறும் தூவல். நாலாவதிலிருந்து பாதிக்குப் பாதி. ஒன்று கிட்டத்தட்ட முழு வெள்ளை, நடு நரம்பின் ஒரு பக்கம் மட்டும் விரல் அகலப் பச்சை. வீட்டில் எல்லோருக்கும் அதுதான் செல்லம். எனக்கு அதைப் பார்த்தால்தான் கவலை. சமைக்க ஆளில்லாத வீடு அது.

இலை அளவு மட்டும் நான் எதிர்பார்த்ததுபோல் பெரிதாகவில்லை. இதற்கு வெளிச்சத்தைக் குறை சொல்லி அர்த்தமில்லை. இந்தச் செடி பசிபிக்கில் மோரியா என்ற தீவைச் சொந்த ஊராகக் கொண்டது. மரத்தைப் பற்றி ஏறும்போதுதான் இலையைப் பெரிதாக்கும். தென்மலைப் பக்கம் பலா மரத்தில் ஏறிய மஞ்சள் மணி பிளாண்டின் இலை முறம் அளவுக்கு நிற்பதைப் பார்க்கலாம். கீழே தொங்கவிட்டால் சின்ன இலைதான். முறமும் வேண்டும், தொங்கவும் வேண்டும் என்றால் நடக்காது.

இப்போது ஆவணி பிறந்துவிட்டது. சாரல் விட்டுவிட்டு வருகிறது, நடுவில் சுள்ளென்று வெயில். தரையில் சாக்பீஸ் கோடுகள் அழிந்துபோனாலும் எனக்கு இடம் தெரியும். வடக்கே போன சூரியன் திரும்பி வந்துகொண்டிருக்கிறது, ஆகஸ்ட் கடைசியில் மறுபடியும் நேர் உச்சிக்கு வரும். நேற்றுச் சுண்ணாம்பு கரைத்து வைத்தேன். இந்த முறை கஞ்சி இல்லாமல், தண்ணீர் மட்டும், மெல்லிசாக இரண்டு கோட். ஞாயிற்றுக்கிழமை ஏணியைப் பிடிக்க மைத்துனன் வருவதாகச் சொல்லியிருக்கிறான். அதுவரைக்கும் தொட்டி மூன்று முடிச்சு கீழே.